பட்டியலில் பெயர் இல்லாதவர்

செலின் அக்கா பின்வாசல் வழியாக உள்ளே வந்ததும் செய்த முதல் காரியம் அம்மாவின் வாயைப் பொத்தியதுதான். அம்மா அப்போதுதான் "ஏட்டி" என்று ஆரம்பித்திருந்தாள், அந்தச் சொல்லில் பாதி வெளியே வந்துவிட்டது, மீதிப் பாதி அக்காவின் உள்ளங்கைக்குள் போனது. அக்காவின் கீழுதடு கிழிந்திருந்தது, தோளில் ஒரு துணிப்பை, ஒரு காலில் மட்டும் செருப்பு. நாகர்கோவிலிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் ஒற்றைச் செருப்போடு பஸ்ஸில் வந்திருக்கிறாள். புதன்கிழமை காலை பத்து மணி. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் பதினோரு பேர் இருந்தோம். அதில் அப்பா, அம்மா, நான் மூன்று பேர்தான் குடும்பம். மற்ற எட்டுப் பேரும் கம்ப்யூட்டரிலிருந்து வந்தவர்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம்: அவர்களைக் கூட்டிவந்தது நான்தான் என்று தெருவே நினைத்தது, நானும் அப்படித்தான் நினைத்தேன். என் பெயர் பிரிட்டோ. பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆய்வுக்கு வந்த அதிகாரி "லேப் நடக்குதா தம்பி" என்று கேட்டார், "லேப் பூட்டி மூணு வருசமாச்சு, சாவி ஹெட்மாஸ்டர் வீட்டு ஆணியில தொங்குது" என்று சொன்னேன். லேப் பற்றி மட்டும்தான் அவர் கேட்டார், ஆணியைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன், கேட்டதுக்கு மேல் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுவேன், பிறவியிலேயே அப்படி. அடுத்த வாரம் டி.சி. கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பகல் முழுக்க எனக்கு வேலை கம்ப்யூட்டர்தான். அது செலின் அக்காவின் புருஷன் லிவிங்ஸ்டன் அத்தான் கொண்டுவந்து கொடுத்தது. கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுவது அவர் தொழில். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் அவரே பெட்டியைத் தோளில் சுமந்துவந்து, அவரே வயர் இழுத்து, "மச்சான் படிக்கட்டும் மாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதற்குப் பூத்தையல் போட்ட துணி மூடி, மாதா திருநாளுக்கு ஒரு முழம் பிச்சிப்பூவும் சாத்தினாள். தவக்காலத்தில் ஒருநாள் அதில் நான் ஓசிக்கு ஒரு கார் பந்தய விளையாட்டை இறக்கினேன். நீளமாக ஏதோ எழுதி, கீழே "அடுத்து" என்று போட்டிருந்தது. நான் படிக்கவில்லை. அடுத்து, அடுத்து, அடுத்து, சம்மதம். யார்தான் படிப்பார்கள்.

முதலில் வந்தது கூந்தல் தைலம் விற்கிற அம்மாள். மறுநாள் மதியம், அப்பா உப்பு லாரியை நிறுத்திவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார், திரையின் வலது ஓரத்திலிருந்து முழங்கால் வரைக்கும் தொங்குகிற முடி முதலில் வந்தது, பிறகு ஒரு கை, பிறகு பட்டுச்சேலை, பிறகு ஆள். வந்தவள் நேராக அப்பாவின் வழுக்கையைப் பார்த்து, "அண்ணாச்சி, இன்னும் ஒண்ணும் கைமீறிப் போயிடல" என்றாள். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, "யாரும்மா நீ, செருப்ப வெளிய விட்டுட்டு வா" என்றார். எங்கள் வீட்டில் அதற்குமேல் யாரும் ஆச்சரியப்படவில்லை.

பிறகு பல்பொடிக்காரர் வந்தார், பிறகு வரன் பார்க்கிறவர் வந்தார், பிறகு மனை விற்கிறவர் சுருட்டிய வரைபடத்தோடு வந்தார், பிறகு கண்ணிமைக்கிற நேரத்தில் குண்டாகவும் ஒல்லியாகவும் மாறி மாறித் தெரிகிற ஒருவர் வந்தார், பிறகு "இந்த வீட்டில் நூற்றுப் பதினேழு ஆபத்துகள் இருக்கின்றன" என்று அரைமணிக்கு ஒருமுறை கத்துகிற சிவப்புச் சட்டைக்காரர் வந்தார், பிறகு எதிரே யார் வந்தாலும் "வாழ்த்துகள், பத்து லட்சமாவது ஆள் நீங்கள்தான்" என்று மாலை போடுகிறவர் வந்தார். அவர் எங்கள் தெரு நாய்க்குக்கூட மாலை போட்டார். ஒவ்வொருவருக்கும் வலது தோளில் மச்சம் மாதிரி ஒரு சின்னப் பெருக்கல் குறி இருந்தது, அதைத் தொட்டால் போய்விடுவார்கள், ஆனால் விரல் கிட்டே போகும்போது குறி இடது தோளுக்கு நகர்ந்துவிடும், தவறி வேறு இடத்தில் விரல் பட்டால் திரையிலிருந்து இன்னொருவர் இறங்குவார். வரன் பார்க்கிறவரும் மனை விற்கிறவரும் அப்படி வந்தவர்கள்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் பார்த்தோம், இருந்தார்கள். பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். தைலக்கார அம்மாள் சாமியாரிடமே, "ஃபாதர், உங்களுக்கு உச்சியில லேசா ஆரம்பிச்சிருக்கு" என்றாள். அவர் அதற்குப் பிறகு வரவில்லை.

மாதா காலனி என்பது பதினாலு வீடு, எதிரும் புதிருமாக ஏழு ஏழு, ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அப்படிப்பட்ட தெருவில் ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளி எல்லா வீட்டுக்கும் விருந்தாளிதான். ஒரு மாதத்தில் தெரு அவர்களைப் பழகிக்கொண்டது. மாலைக்காரரைப் புதுநன்மை விருந்து வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள், மனைக்காரரின் வரைபடத்தை விரித்துவைத்து ஆண்கள் இல்லாத நிலத்துக்கு எல்லை பிரித்துச் சண்டை போட்டார்கள், குண்டு ஒல்லிக்காரரைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினார்கள். "என்ன பிரகாசி, ஒங்க வீட்ல தெனமும் கோயில் அசனச் சோறுதான் போல" என்று பக்கத்து வீட்டுப் பாக்கியம் மாமி அம்மாவைக் கிண்டல் செய்வாள். "ஒனக்கு வேணும்னா ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போ" என்பாள் அம்மா. "சேப்புச் சட்டைய மட்டும் அனுப்பிராத தாயி, எங்க வீட்டு ஆபத்து ஏற்கெனவே எனக்குத் தாலி கட்டியாச்சு."

ஆனால் தெருவுக்கு உண்மையிலேயே பிடித்தது எட்டாவது ஆளைத்தான். அவர் எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் அம்மா பெருக்கும்போது ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் துடைப்பம் ஒரு காலில் இடித்தது, "கால எடுங்க" என்றாள், காலை எடுத்தார், அப்போதுதான் அங்கே முக்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே தெரிந்தது. சாம்பல் நிறச் சட்டை, மூடிய கண், கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்த தலை. தோளில் குறி இல்லை. அவர் எதையும் விற்கவில்லை, எதையும் கேட்கவில்லை, அம்மா வைத்த காப்பியைத் தொடவில்லை, மற்ற ஏழு பேரும் கத்துகிற கத்தலுக்கு நடுவில் அவர் மட்டும் சும்மா இருந்தார், அதனாலேயே அவர் நல்லவர் என்று தெரு முடிவுசெய்தது. மதிய நேரத்தில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, புருஷன் விஷயம், மாமியார் விஷயம், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாத விஷயம் எல்லாம் சொல்லிவிட்டு, முகம் தெளிந்து எழுந்து போனார்கள். அவர் தலை இன்னும் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான்.

லிவிங்ஸ்டன் அத்தான் போனில் அம்மாவிடம், "என்ன மாமி, நேத்து சாளைக் கொழம்பு தீஞ்சு போச்சாமே" என்று சிரிப்பார். அம்மாவுக்குப் பெருமை தாங்காது. "எம் மருமவனுக்கு என்ன அக்கற பாத்தியா, செலின் ஒண்ணு விடாம சொல்லிருவா போல." அம்மா குழம்பு தீய்ந்ததை அக்காவிடம் சொல்லவே இல்லை என்பதை நான் அப்போதே சொன்னேன். "நீ வாய மூடுல" என்றாள்.

அந்தப் புதன்கிழமை அடுக்களையில் அக்கா அம்மாவின் வாயிலிருந்து கையை எடுக்காமலே, மற்றக் கையால் சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினாள். ஹாலில் சிவப்புச் சட்டைக்காரர் கத்திக்கொண்டிருந்தார். அக்கா எழுதியது இதுதான்: "பேசாதே. இங்கே பேசுவதெல்லாம் நாகர்கோவிலில் அவருக்குக் கேட்கிறது." அம்மாவுக்குப் புரியவில்லை. இன்னொரு தாள் கிழித்தாள். "செலின் குரல் சரியில்ல, போய்ப் பாத்துட்டு வருவோம்னு போன மாசம் அப்பாகிட்ட சொன்னியா? அன்றைக்குத்தான் இது." இடது கையை நீட்டினாள். ஒடிந்த மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தன் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள், அதற்குப் பிறகு சனிக்கிழமை வரைக்கும் அந்தக் கையை அவள் எடுத்த மாதிரியே எனக்கு ஞாபகம் இல்லை.

நான் ஹாலை எட்டிப் பார்த்தேன். முக்காலிக்காரரின் தலை அடுக்களைப் பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்தக் காது அவருடையதுதான் என்று முதல் தாளின் அடியில் நான் எழுதிச் சேர்த்தேன்.

போன வருஷமும் அக்கா ஒருமுறை வந்தாள். அப்போது ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, குடும்பம்னா முன்னப் பின்னத்தான் இருக்கும் என்று சொல்லி, அத்தான் கொண்டுவந்த ஜீப்பிலேயே அவளை ஏற்றி அனுப்பினார்கள். அப்பாதான் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். அதனால் இந்த முறை அவள் யாரையும் நம்பி வரவில்லை, மூன்று நாள் ஒளிந்திருக்க ஒரு இடத்துக்காக வந்தாள். திருச்சியில் கன்னியாஸ்திரீகள் ஒரு மடத்தில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அவர்கள் வேன் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கோயில் மதிலுக்குப் பின்னால் வரும். அதுவரை அவள் இங்கே இருப்பது அத்தானுக்குத் தெரியக் கூடாது. மூன்றாவது தாளில் எழுதினாள்: "இந்தத் தடவை அவர் கூட்டிப் போனால் நான் உயிரோடு வர மாட்டேன்." அப்பா அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு சத்தமில்லாமல் அவளைக் கொல்லைப்புறமாகப் பாக்கியம் மாமி வீட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே கட்டிலுக்கு அடியில் பாய் விரித்தார்கள்.

அதற்குப் பிறகு மாதா காலனி பேசுவதை நிறுத்தியது. அந்த முதல் தாள் கைமாறிக் கைமாறிப் பதினாலு வீட்டுக்கும் போய்வந்தது, படித்தவர்கள் ஒவ்வொருவரும் முதலில் அக்காவுக்காகப் பயந்தார்கள், அப்புறம் அந்த முக்காலி பக்கத்தில் உட்கார்ந்து தாங்கள் என்னென்ன சொன்னோம் என்று யோசித்துத் தங்களுக்காகப் பயந்தார்கள், அந்த ரெண்டாவது பயம்தான் தெருவை ஊமையாக்கியது என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். மீன்காரியிடம் விரலால் விலை பேசினார்கள், அழுத பிள்ளைக்கு வாயில் சீனி போட்டார்கள், குழாயடியில் குடத்துக்குள் துணி போட்டுத் தண்ணீர் பிடித்தார்கள். எங்கள் தெருவில் ஒருவரை ஒருவர் கடக்கும்போது "சாப்டாச்சா" என்று கேட்காமல் போக மாட்டார்கள், கேட்டால் பதில் சொல்லாமலும் போக மாட்டார்கள், சண்டைக்காரர்கள்கூடக் கேட்டுவிட்டுத்தான் முறைப்பார்கள். அதையும் விட்டார்கள். எதிரே வந்தவர் வாயைத் திறந்து, நினைவு வந்து, மூடிக்கொண்டு போனார். சொல்ல வேண்டியதை எல்லாம் நாள்காட்டித் தாளில் எழுதினோம், வியாழக்கிழமைக்குள் செப்டம்பரையும் அக்டோபரையும் கிழித்து முடித்துவிட்டோம், இன்னும் வராத நாட்கள் அடுப்பில் எரிந்தன.

வியாழக்கிழமை லிவிங்ஸ்டன் அத்தான் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மக்ரூன் பொட்டலம்.

"என்ன மாமி, தெரு இம்புட்டு அமைதியா கெடக்கு, எழவா?"

"இல்ல மாப்ள, வெயிலு" என்றாள் அம்மா.

"செலினு ஒரு சின்னக் கோவத்துல கெளம்பிட்டா. பிள்ளைக்கு என்ன தெரியும். இங்க வரலியே?"

"வரலியே மாப்ள."

"வந்தா சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தார், குளியலறைத் தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தார். மாலைக்காரர் அவருக்கும் மாலை போட வந்தார், கையைத் தட்டிவிட்டார். ஃபிரிட்ஜ் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஆனால் அவர் கடந்து போனபோது முக்காலிக்காரரின் தலை அவரோடு கூடவே திரும்பியது, எஜமான் வந்தால் நாய் திரும்புமே, அப்படி. அத்தான் வாசலில் நின்று என் கன்னத்தைத் தட்டி, "மச்சான் பொய் சொல்ல மாட்டான், அவங்கிட்ட இன்னொரு நாள் கேக்கேன்" என்றார்.

அவர் ஊருக்குப் போகவில்லை. தெருமுனையில் செல்லையா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தார். பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தம்பிகள் ரெண்டு பேர் ஜீப்பைக் கோயில் ரோட்டில் நிறுத்திக்கொண்டு அவர் கூப்பிடுவதற்குக் காத்திருந்தார்கள். "அண்ணாச்சி, யாருக்கிட்ட இம்புட்டு நேரம், சம்சாரமா?" என்று செல்லையா கேட்டிருக்கிறார். "ஆமா, அவதான் இன்னும் பேச மாட்டேங்கா" என்றாராம்.

அன்றைக்கு ராத்திரி அக்காவுக்கு இருமல் ஆரம்பித்தது. சின்ன வயசிலிருந்தே உப்புக்காற்று அவளுக்கு ஆகாது, மூன்று இருமல், ஒரு இழுப்பு, மறுபடி மூன்று, அந்தக் கணக்கை அத்தானுக்கு நன்றாகத் தெரியும். தலையணையைக் கடித்துப் பார்த்தாள், விடிந்தபோது தலையணை கிழிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பாக்கியம் மாமி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் இருமினாள், மூன்று இருமல், ஒரு இழுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு கணம் யோசித்துவிட்டு இருமினார், எதிர்வீடு இருமியது, பிள்ளைகள் இருமினார்கள், பல்லில்லாதவர்கள் இருமினார்கள், வெள்ளிக்கிழமை முழுக்க எங்கள் தெரு ஒரே ஆளின் நெஞ்சு மாதிரி இருமிக்கொண்டே இருந்தது. ஹாலில் முக்காலிக்காரரின் தலை இடம் தெரியாமல் இங்கும் அங்கும் ஆடியது. தெருமுனையில் அத்தான் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார். மத்தியானத்துக்குமேல் அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார் என்று செல்லையா தாளில் எழுதி அனுப்பினார். எழுபது இருமலில் ஒன்றைப் பிரித்து எடுத்துவிடலாம், நேரம்தான் வேண்டும் என்று அத்தானுக்குத் தெரிந்திருந்தது.

அதனால் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மெஹர் அக்காவைக் கூட்டிவந்தேன். ரெண்டு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடையும் கம்ப்யூட்டர் ரிப்பேரும் வைத்திருக்கிறவள். தாள் தாளாக எல்லாவற்றையும் படித்தாள், பெட்டியைத் தூக்கிக் கடலில் போட்டால் என்ன என்று அப்பா எழுதியதற்கு, "கதவைக் கடலில் போட்டுவிட்டால் இவர்கள் எந்த வழியாகப் போவார்கள்" என்று எழுதினாள். வேலைக்காரர்களிடம் பேசுகிற மாதிரி அந்த ஏழு பேரிடமும் சத்தமாகவே பேசினாள், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

"எலே பிரிட்டோ, எத்தன பேருக்குல சம்மதம் குடுத்த?"

"படிக்கல."

"படிச்சிருந்தா நீ ஏன் வீட்ல இருக்க."

திரையில் ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு முழுப்பெயர் இருந்தது, கடைசியில் வந்தவரை முதலில் கூப்பிட வேண்டும், முழுப்பெயரைச் சொல்லி மூன்று முறை போகச் சொல்ல வேண்டும். மாலைக்காரர் முதல் முறைக்கே அழுதார். "நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா? போவதற்கு முன் ஒரு பரிசு" என்றார். "போ" என்றாள் மெஹர் அக்கா. "ஏன் போகச் சொல்கிறீர்கள், காரணத்தை மட்டும் தெரிவித்தால்..." "போ." அவர் மாலையைத் தானே போட்டுக்கொண்டு திரைக்குள் ஏறினார். சிவப்புச் சட்டைக்காரர், "நான் போனால் நூற்றுப் பதினெட்டு" என்று கத்திக்கொண்டே போனார். தைலக்கார அம்மாள் கடைசியாகப் போகும்போது அப்பாவின் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்றால், ஃபிரிட்ஜ் உறுமுவது எனக்குக் கேட்டது, அம்மாவின் மூச்சு கேட்டது. இவ்வளவு நாளாக அந்த ஏழு பேரின் கூச்சலுக்குள்தான் நாங்கள் ஒளிந்திருந்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முக்காலிக்காரர் முதுகை நிமிர்த்தினார்.

பட்டியல் காலியாக இருந்தது. அவர் பெயர் அதில் இல்லை. மெஹர் அக்கா எங்கெங்கோ தோண்டினாள், ஒரு மணி நேரம் தோண்டினாள், கடைசியில் ஒரு தேதியைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதி எங்களிடம் காட்டினாள். என் விளையாட்டு இறங்கிய தேதி அல்ல. மூன்று வருஷத்துக்கு முந்திய தேதி. அத்தான் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்த நாள். துடைப்பம் இடிப்பதற்கு முன்பே, பிச்சிப்பூ சாத்திய நாளிலும், அதற்குப் பின் ஒவ்வொரு வேளைச் சோற்றிலும், ஒவ்வொரு சண்டையிலும், அவர் அங்கே உட்கார்ந்துதான் இருந்திருக்கிறார். அப்பா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார், தான் ஜீப்பில் தூக்கி வைத்த பையை அதில் பார்த்தாரோ என்னவோ.

பெயர் இல்லாதவரைப் போகச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும், படம், பாட்டு, திருநாள் போட்டோ, எல்லாம், பெட்டியைப் பிறந்த அன்று இருந்த மாதிரி வெறுமையாக்கிவிட வேண்டும், அப்போது அவர் உட்கார இடமில்லாமல் போய்விடுவார் என்று மெஹர் அக்கா எழுதினாள். அவர் போய்விட்டால் அத்தான் காதில் இரைச்சல்தான் கேட்கும், லைன் கோளாறு என்று போனைத் தட்டிக்கொண்டிருப்பார், அந்தக் கால் மணி நேரத்தில் மதிலோரமாக அக்காவை வேனில் ஏற்றிவிடலாம். சம்மதம் என்று அழுத்திய கைதான் இதையும் அழுத்த வேண்டும், அது முடிகிறவரை அந்தக் கைக்காரன்தான் பக்கத்தில் இருக்க வேண்டும், வேறு யாரும் கூடாது. கடைசியாக, நாள்காட்டியில் மிச்சமிருந்த ஒரே தாளைக் கிழித்து, அது டிசம்பர் முப்பத்தொன்று, அதில் ஒரு வரி எழுதி என் கையில் கொடுத்து, விரலை என் மூக்குக்கு நேராக நீட்டிவிட்டு, டீக்கடையில் அத்தானை நோட்டம் பார்க்கப் போனாள். அப்பாவும் அம்மாவும் அக்காவிடம் போனார்கள்.

நான் அழுத்தினேன். நீலக் கோடு நகர ஆரம்பித்தது.

பத்து, இருபது. சுவருக்கு அந்தப் பக்கம் தட்டில் சோறு போடுகிற ஓசை மெல்லக் கேட்டது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவளுக்கு அம்மா பிசைந்து ஊட்டுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நாற்பது. முக்காலிக்காரரின் சட்டை வெளுக்க ஆரம்பித்தது. அறுபது. அவர் காலுக்குப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. தெரு முழுக்க இருமலை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. எண்பது, தொண்ணூறு. என் நெஞ்சு அடிப்பது அவருக்குக் கேட்குமே என்று நெஞ்சின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். தொண்ணூற்றேழில் அவருக்கு முகமும் ஒரு காதும் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

தொண்ணூற்றெட்டில் கண்ணைத் திறந்தார். அந்தக் கண்களில் கோபம் இல்லை. களைத்துப்போன கண்கள். வாயைத் திறந்தார், வந்தது எங்கள் அம்மாவின் குரல், மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்துவைத்த குரல், அடுக்களையிலிருந்து கைவேலையாக இருக்கும்போது கேட்பாளே, அந்தக் குரல்.

"மக்கா, அக்கா சாப்ட்டாளா?"

அந்தக் கேள்விக்கு எங்கள் தெருவில் யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை. மூன்று நாளாக ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. நான் நினைப்பதற்கு முன்னால் என் வாய் திறந்துவிட்டது.

"சாப்ட்டுக்கிட்டு இருக்கா. பாக்கியம் மாமி வீட்ல."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். கோடு நூறைத் தொட்டது, முக்காலி காலியாக இருந்தது. மணி ரெண்டே முக்கால். தெருமுனையில் டீக்கடை பெஞ்சு சிமெண்டுத் தரையில் உராய்ந்து பின்னால் போகிற சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், எல்லாம் முடிந்தது என்று நம்பி, மூன்று நாளில் முதல் முறையாகத் தலையணை இல்லாமல் செலின் அக்கா வாய்விட்டு இருமினாள். மூன்று இருமல், ஒரு இழுப்பு. என் கையில் டிசம்பர் முப்பத்தொன்று வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் மெஹர் அக்கா கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: "அவர் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதே."